கட்டிலுக்கு அடியில் இருந்த இரும்பு

என் கட்டிலுக்கு அடியில் துப்பாக்கியை வைத்தவள் என் மனைவி ஜெயமாலா. என் மேல் இருந்த பிரியத்தில்தான் வைத்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவளைக் குறை சொல்லக் கிளம்புகிறவர்கள் என்னிடம் வர வேண்டாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. விடாத மழை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் திரும்பமாட்டேன், யாரும் கூப்பிடாதபோது திரும்பிப் பார்ப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். ஜெயமாலா பிறந்த ஊரில், ஒருவருக்குக் காத்து கருப்பு பட்டுவிட்டது என்று தோன்றினால் படுக்கைக்கு அடியில் இரும்பு வைப்பார்கள். அரிவாளோ, ஏர்க் கொழுவோ எது கையில் கிடைக்கிறதோ அது. எங்கள் வீட்டில் இருந்த பெரிய இரும்பு அந்தத் துப்பாக்கிதான்.

"இரும்பு கீழ இருந்தா எதுவும் கிட்ட அண்டாதுங்க. நீங்க நிம்மதியா படுங்க" என்றாள்.

நாங்கள் நயினார் குடும்பம், சமணர்கள். அனந்தபுரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் நிலம். எறும்பு இருக்கிற இடத்தில் வெந்நீர் ஊற்றமாட்டோம், இருட்டின பிறகு சாப்பிடமாட்டோம். இப்படிப்பட்டவர்களுக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட காட்டில் பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். தாத்தா காலத்தில் பயிரைக் காக்க வாங்கிய லைசென்ஸ், அப்பாவுக்கு வந்து, பிறகு என் பெயருக்கு வந்தது. குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ஒற்றைக்குழல்.

ஆனால் அதற்கு ஒரு வீட்டுச் சட்டம் இருந்தது. மருந்து போடலாம், மேலே தேங்காய் நார் வைத்து இடிக்கலாம், அவ்வளவுதான். ரவையோ குண்டோ உள்ளே போகக்கூடாது. சத்தம் கேட்டுப் பன்றி ஓடும், உயிர் எதுவும் போகாது. ஈயம் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. ஊரில் இதை வைத்து எங்களைக் கேலி செய்வார்கள். நயினார் வீட்டுத் துப்பாக்கி தும்மல் போடும், வேறொன்றும் செய்யாது என்பார்கள்.

கேலி செய்தவர்களும் மாட்டுப் பொங்கல் சாயங்காலம் அதற்காகக் காத்திருப்பார்கள். ஏரிக்கரையில் மாடுகளை அவிழ்த்துவிட எங்கள் துப்பாக்கிதான் வெடிக்க வேண்டும். வெற்று வெடி என்பதால் வானத்தைப் பார்த்துச் சுடுகிற வழக்கம்கூட இல்லை. நேராகத்தான் நீட்டுவோம். பிள்ளைகள் எதிரிலேயே நிற்பார்கள். வெடித்ததும் புகைக்குள் ஓடிப் போய், கருகிப் பறக்கிற நாரைப் பொறுக்குவார்கள். அந்த நாரைக் கன்றுக்குட்டி கழுத்தில் கட்டினால் நோய் வராது என்று ஒரு நம்பிக்கை. என் மகள் பத்மா எப்போதும் முதல் வரிசையில் நிற்பாள். துப்பாக்கி எங்கள் வீட்டுடையது என்கிற உரிமை அவளுக்கு.

இப்போது நோய்க்கு வருகிறேன்.

கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி வந்த சில நாட்களில், ஒரு மதியம், அது மூச்சு விட்டது. குரல் என்று சொல்லமாட்டேன், தொடக்கத்தில் அது குரலே இல்லை. காலிப் பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். வெளியே மழை வெறித்திருந்தது. முற்றத்தில் ஜெயமாலா கேப்பையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன். குழல் வாய் என்னைப் பார்த்தபடி இருந்தது. அப்புறம் அந்த மூச்சு சொல்லாக மாறியது.

"அவ இல்ல இவ."

அது யாரைச் சொல்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் அந்த நோயின் கொடுமை, விளக்கமே தேவைப்படவில்லை. தலையைத் தூக்கி முற்றத்தைப் பார்த்தேன். ஜெயமாலாவின் சேலை, ஜெயமாலாவின் கொண்டை, கேப்பையைக் கிளறுகிற கையும் அவளுடையதுதான். ஆனால் அவள் இல்லை. வேறு ஒருத்தி அவளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சரியான நேரத்தில் சரியான அளவுக்குச் சிரித்தாள், அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சமைத்ததை நான் சாப்பிடவில்லை. அவளைக் கவனிப்பதே வேலையாகிவிட்டது. வாசற்படியை எந்தக் காலால் தாண்டுகிறாள், தண்ணீரை எப்படிக் குடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக இருக்கும். சரியாக இருக்க இருக்க என் சந்தேகம் கூடியது. உண்மையான ஜெயமாலா இப்போது எங்கே அழுதுகொண்டிருக்கிறாளோ என்று நினைத்துக் கொல்லையில் போய் அழுதேன். அவள் இடத்துக்கு வந்தவள் என் பின்னாலேயே வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்போது எனக்கு வந்த பயத்தை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் உச்சிவேளைக்கு என் தம்பி சாந்தகுமார் வீட்டுக்குப் போனேன். அடுத்த தெரு. துப்பாக்கிக்குத் தீப்பொறி கொடுக்கிற கேப் டப்பாவை மழைக்கு ஈரம் ஏறாமல் அவன்தான் பரணில் வைத்திருந்தான். கேப் இல்லாமல் துப்பாக்கி வெடிக்காது.

"கேப் குடு" என்றேன்.

"இன்னாத்துக்குண்ணே? காட்லதான் ஒண்ணுமே இல்லியே இப்ப."

"வீட்ல ஒண்ணு வந்துக்கினு இருக்கு."

"வீட்லயா? பன்னியா?"

நான் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துதான் சாந்தகுமார் பரணில் ஏறாமல் சட்டையை மாட்டிக்கொண்டான். "வாண்ணே, திண்டிவனம் போயி வாங்கிக்கலாம், இது நமுத்துப்பூட்டுது" என்று சொல்லி பஸ் ஏற்றினான். அந்தப் பொய்க்கு நான் அவனுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

திண்டிவனத்தில் பார்த்த டாக்டர் என் கண்ணுக்குள் லைட் அடித்தார், முட்டியில் தட்டினார், இரத்தம் எடுத்தார். மூளைக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விழுப்புரத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரயில்வே லைனுக்கு ஒட்டினாற்போல் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பாண்டிச்சேரியிலிருந்து மனநல டாக்டர் ஒருவர் அங்கே வந்து போவார். அவரைப் பார்க்க நடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். அங்கே காத்திருந்தவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்திருந்தால் ஊர் பேர் விசாரித்துச் சொந்தமே கொண்டாடியிருப்பார்கள்.

டாக்டர் அதிகம் பேசாதவர், நல்லவர். மனச்சிதைவு என்றார். ஜெயமாலாவுக்கும் தம்பிக்கும் அவர் விளக்கியதைப் பிற்பாடு எனக்கும் விளக்கினார். மூளை தானே ஒரு பேச்சை உண்டாக்கும், ஆனால் அது வெளியிலிருந்து வந்த மாதிரி காதுக்குக் கேட்கும். பழகிய முகத்தைக் கண் அடையாளம் காணும், ஆனால் பார்த்ததும் மனதில் வர வேண்டிய நெருக்கம் வராது. நெருக்கம் வராததால் இது அந்த ஆள் இல்லை என்று மூளை முடிவு கட்டிவிடும். எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத இந்த மாதிரி பொய் நம்பிக்கைக்கு டெலூஷன் என்று பெயர்.

மாத்திரை கொடுத்தார்கள். வாய் உலர்ந்து, நாக்கு தடித்து, கை மரக்கட்டையாக விறைக்கும். விறைப்புக்கு இன்னொரு மாத்திரை. நடுவில் கரண்ட் வைத்தியமும் நடந்தது. கேட்கத்தான் பயங்கரம். ஊசி போட்டு மயக்கிவிட்டு, நெற்றியின் இரு பக்கமும் ஈரப் பஞ்சு வைத்து, சில நொடி மின்சாரம் விடுவார்கள். நமக்கு ஒன்றும் தெரியாது. விழித்தால் தலை கனக்கும், முந்தின நாட்களில் அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணிக்குப் போட வேண்டும் என்றார்கள். எங்களுக்கோ பொழுது சாய்ந்தால் சாப்பாடு இல்லை. பத்மாவைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு என்னோடு இருந்த ஜெயமாலா நர்சிடம் வாதாடவில்லை. பொழுது இருக்கும்போதே எனக்குச் சோறு ஊட்டிவிட்டு, எட்டு மணி வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் தூங்கிவிடாமல் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருப்பாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாத நாட்களிலும் இதைச் செய்தாள். வேறொருத்தி என்று நினைத்துக்கொண்டே அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். மல்லாட்டை விற்ற பணம் முழுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போனது, அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒவ்வொரு வண்டி போகும்போதும் எழுந்து நின்று துண்டை ஆட்டுவார். சில சமயம் வண்டியே வராதபோதும் ஆட்டுவார். அப்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் பார்க்காமல் படுத்துக்கொள்வேன்.

மார்கழி பாதியில் ஒரு காலை ஜெயமாலா தூக்குச் சட்டியோடு வார்டுக்குள் வந்தாள். அவள்தான். ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்கத் தோன்றவில்லை, அவள் வந்துவிட்டாள், அவ்வளவுதான். "எங்க போய்ட்ட இத்தினி நாளா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.

இனி நல்ல காலம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டரும் சொன்னார்.

பொங்கலுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். அங்கே வேலை செய்கிறவர் தன் சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகளை ஒரு டப்பா மூடியில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினார். மூடியில் அவை உருண்டன. என் வலது கை தானாக வேட்டியில் துடைத்துக்கொண்டது. கையில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல் இடுக்கில் கிரீஸ் பிசுபிசுத்தது எனக்குத் தெரிந்தது.

இதே மாதிரி குண்டுகளை என் கை பிடித்திருக்கிறது. குழல் வாயில் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறது. உள்ளே இறங்கும்போது டொக்கென்று கேட்கும் சத்தம் காதில் வந்தது.

அது நடந்ததா, நடந்ததாக நினைத்தேனா? கரண்ட் வைத்த பிறகு என் நினைவில் இருந்த ஓட்டைகளில் எது எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது. துப்பாக்கி பேசியதும் எனக்கு இவ்வளவு தெளிவாகத்தான் நினைவிருந்தது. ஆனால் ஒன்று நிச்சயம். கேப் இல்லாமல் வெடிக்காது என்பதால் எப்போதும் மருந்து போட்டே வைத்திருக்கும் அந்தத் துப்பாக்கி, கெட்டித்தபடி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. கெட்டித்திருக்கிறது என்று பார்த்தால் மருந்தும் நாரும்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள், எங்கள் வீட்டில் வேறு எதையும் நினைக்க வழியில்லை. மாட்டுப் பொங்கல் அன்று சாந்தகுமார் அதை எடுத்து, கேப் பொருத்தி, நேராக நீட்டுவான். எதிரில் பத்மா நிற்பாள்.

டாக்டரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"துப்பாக்கி விஷயம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்தேன்" என்றார்.

"இது நிஜம் சார்."

"உங்கள் மனைவி உங்கள் மனைவி இல்லை என்றும் இதே உறுதியோடுதான் சொன்னீர்கள்."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார். பொங்கலுக்கு வீட்டுக்குப் போவதைத் தள்ளி வைத்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் பொங்கலுக்கு ஊரில் இருந்திருப்பேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் தடங்கலாகி நான் போய்ச் சேராவிட்டால்? போய்ச் சேர்ந்த பிறகும் என் பேச்சை யார் கேட்பார்கள்?

ஜெயமாலாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை தூக்குச் சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"கார்த்திகைல நம்ம வீட்டு சைக்கிள் முன் சக்கரம் கழண்டு கெடந்துச்சு. மழைல எவனோ வெளாண்டுட்டான்னு நெனச்சேன்" என்றாள்.

அப்புறம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"நெசமாத்தான் இருக்குமா?" என்று நானே அவளைக் கேட்டேன்.

"தெரிலிங்க. பாத்துட்டு வந்துர்றேன்."

பொங்கலன்று அவளால் போக முடியவில்லை, எனக்கு மாத்திரை கூட்டியதில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஊசி போட்டு அது இறங்கிய பிறகு மறுநாள் விடிகாலையில் கிளம்பினாள். பண்டிகை நாள், நேர் பஸ் இல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி ரோடு, இறங்கி நடை.

அன்று மதியத்திலிருந்து நான் கட்டிலில் உட்காரவில்லை. வார்டில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பெரியவர் துண்டை ஆட்டினார். வெயில் சாய்ந்தது. மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசியிருப்பார்கள், ஏரிக்கரைக்கு ஓட்டியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்தது. அப்போது ரயில்வே யார்டு பக்கமிருந்து டமாரென்று ஒரு சத்தம். வண்டிப் பெட்டிகளை மோதவிட்டுக் கோக்கும் சத்தம்தான், தினமும் கேட்பதுதான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் குனிந்து என்னைப் பார்த்து, "பூட்டுதுப்பா" என்றார். எது போயிற்று என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை சாந்தகுமார் வந்தான். தனியாக வந்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். பால்ரஸ் குண்டுகள். கரி பிடித்து ஈரமாக இருந்தன.

"பத்மா?" என்றேன்.

"நல்லாக்கீதுண்ணே. ஒண்ணும் ஆவல."

நடந்ததைச் சொன்னான். துப்பாக்கியை நீட்டிவிட்டானாம். பிள்ளைகள் எதிரில் நின்றுவிட்டார்களாம். ஜெயமாலா ரோட்டிலிருந்து ஓடி வந்து, அங்கே மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து, யாரையும் எதுவும் கேட்காமல் குழலை நிமிர்த்தி அதன் வாயில் ஊற்றிவிட்டாளாம்.

"ஊரே கத்துச்சுண்ணே. நல்ல நாள் அதுவுமா பேஜார் பண்ணுதுன்னாங்க. நானே திட்டிட்டேன். அண்ணங்கூட இருந்து உங்களுக்கும் ஆயிடுச்சான்னு கேட்டுட்டேன் அண்ணிய." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வீட்டாண்ட வந்து திருகுக் கம்பி வுட்டு நாரை இழுத்தேன். தாம்பாளத்துல கவுத்தா, கொட்டுது."

டாக்டர் அந்தக் குண்டுகளில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நிஜமாகவே கேட்டார். கூட்டிய மாத்திரையைக் குறைத்தார். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. "நீங்கள் சொன்னது உண்மை என்பதால்தான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறேன்" என்றார். பொய் சொன்னேன் என்றும் இருக்க வேண்டும், உண்மை சொன்னேன் என்றும் இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு என் சொந்தச் சிரிப்பு.

மாசியில் வெளியே விட்டார்கள். மாத்திரை தொடர்ந்தது. முதல் வேலையாகத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நானும் தம்பியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எலெக்‌ஷன் சமயத்தில் லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் அங்கே ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம்.

"இப்ப எலெக்‌ஷன் இல்லியே நயினாரே" என்றார் ஏட்டு.

"எனக்கு இருக்குங்க" என்றேன்.

லைசென்ஸைப் புதுப்பிக்கும் போதெல்லாம் நிலம் எவ்வளவு, வரி கட்டியாயிற்றா, பன்றி வருகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். ராத்திரி தூங்குகிறாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அதைத் திரும்ப வாங்க நான் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, ஒரு மதியம் முற்றத்தில் ஜெயமாலா மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து உடைத்தேன். குனிந்ததில் அவள் தாலிச் சரடு வெளியே வந்து தொங்கியது. தாலிக்கு இரு பக்கமும் தங்க மணிகள் கோத்திருப்பாள். அதில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் நசுங்கி, இடுக்கில் கரி அப்பியிருந்தது.

"இது இன்னா ஆச்சு?" என்றேன்.

அவள் உடைப்பதை நிறுத்தவில்லை. "கார்த்திகைல சரடு மாத்தச்சே காணாம பூட்டுது. தேடாத எடம் இல்ல."

"அப்புறம்?"

"தாம்பாளத்துல அந்த இரும்புங்களோட இதுவும் விழுந்துச்சு."

கரண்ட் எடுத்துக்கொண்டு போன நினைவுகளில் இதுவும் ஒன்று. நான் எடுத்தது நினைவில்லை, போட்டது நினைவில்லை. ஆனால் ஏன் போட்டிருப்பேன் என்பது மட்டும் புரிந்தது. கட்டிலுக்கு அடியில் அவ்வளவு பெரிய இரும்பு இருந்தும் வந்தவள் போகவில்லை. வெறும் இரும்பு இவளுக்குப் போதாது, அவளுடையதே ஒன்று வேண்டும் என்று அந்த மூச்சு சொல்லியிருக்கும், நானும் கேட்டிருப்பேன். விழுப்புரத்தில் நான் குண்டுகளைப் பற்றிச் சொன்னபோது அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது ஏன் என்றும் புரிந்தது. அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் ராத்திரி எனக்கு மாத்திரை கொடுத்தாள், கழுத்து இழுத்தபோது தலையை மடியில் தாங்கினாள்.

"அழிச்சி வேற பண்ணிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

உடைத்த பருப்பை முறத்தில் தள்ளிவிட்டு, சரடை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. எனக்குன்னு போட்டதுதான்" என்றாள்.